பாம்பு ஏணி ஆடுற பெருசுங்க

மாப்ள,

நல்லா இருக்கியா, வீட்ல எல்லாரும் சௌக்கியமா? இங்க எல்லாரும் நலம். எவ்ளோ பெரிய மெசேஜ் போட்டாலும் ஒரு கட்டைவிரல் மட்டும் திருப்பி அனுப்புற ஆளு நீ, உனக்கு உக்காந்து லெட்டர் எழுதுறேன்னா விஷயம் பெருசுன்னு புரிஞ்சுக்கோ.

எங்கப்பாவும் சித்தப்பாவும் பேசிட்டாங்கடா!

அந்தச் சண்டை உனக்கே தெரியும், கிளற வேணாம். எல்லாரும் ஒரே வீட்ல கூடியிருந்தோம், பசங்க பாம்பு ஏணி போர்ட விரிச்சுட்டு ஆள் பத்தலன்னு ரெண்டு பேரையும் இழுத்து உக்கார வெச்சுதுங்க. கொஞ்ச நேரத்துல பசங்க தூங்கப் போயாச்சு, பெருசுங்க ரெண்டும் எந்திரிக்கவே இல்ல. சித்தப்பா 98க்குப் போய் பாம்பு கடிச்சு கீழ வந்தாரு, அப்பா கைதட்டி சிரிச்சுக்கிட்டே "விழுந்தியாடா"ன்னாரு. இத்தன வருஷம் கழிச்சு தம்பிகிட்ட பேசுன மொத வார்த்தை அதுதான்.

அதுலேர்ந்து எனக்கு இதே யோசனை. பாம்பு ஏணில நீ முடிவு பண்றதுக்கு ஒண்ணுமே கிடையாது, டைஸ் என்ன சொல்லுதோ அதான். செஸ்ல தோத்தா நம்ம மூளையே தோத்த மாதிரி உறுத்தும், இதுல யார் தோத்தாலும் கௌரவம் போகாது. படிப்பு, பதவி, வயசு எதுவும் செல்லாது, அஞ்சு வயசுப் பொண்ணு அப்பாவ ஜெயிக்கும். அதே சமயம் யார் ஜெயிப்பாங்கன்னு தெரியாம இருக்கணும். எக்ஸ்-ஓ போடுற டிக் டாக் டோ ஆட்டத்த பாரேன், மூணுக்கு மூணு கட்டத்துல ரெண்டு பேரும் சரியா ஆடுனா எப்பவும் டிராதான், அத கண்டுபிடிச்ச அன்னிக்கே சலிச்சுரும்.

விளையாட்டெல்லாம் நேரம் போக்கத்தான்னு நீ சொல்லுவ, நான் ஒத்துக்க மாட்டேன். யாக் பாங்க்செப்னு ஒரு மூளை விஞ்ஞானி எலிங்களுக்கு கிச்சுகிச்சு மூட்டிப் பாத்திருக்காரு. 50 கிலோஹெர்ட்ஸ்ல ஒரு சத்தம் போடுதாம், நம்ம காது 20க்கு மேல கேக்காது, அத ஒரு வகை சிரிப்புன்னு அவர் சொன்னாரு. மூளையோட மேல் அடுக்க குட்டியிலயே எடுத்துட்டாலும் அதுங்க விளையாடுறத விடல. அப்போ இந்த ஆசை கிடக்கிறது மூளையோட அடியாழத்துல, யோசிக்கிற பகுதிக்கும் கீழ. வயசாச்சுன்னா அது எங்கடா போகும்? வெளிய காட்டத்தான் கூச்சம்.

இன்னொண்ணு, நம்ம வேலைல ஒரு காரியம் முடிஞ்சுதா இல்லையான்னே தெரிய மாட்டேங்குது, ஃபைல் போகுது, திரும்பி வருது, மறுபடி போகுது. மேலேர்ந்து விழுற கட்டைங்கள அடுக்குற டெட்ரிஸ்னு ஒரு வீடியோ கேம், 1984ல வந்தது, அத இன்னும் ஜனங்க ஆடுறாங்கன்னா, ஒரு வரிசை நிரம்புனா அந்த நொடியே காணாம போகுது பாரு, அந்தத் திருப்தி வேற எங்க கிடைக்குது?

சரி, இப்ப சொல்லப் போறதுக்கு கோவப்படாத. நீயும் நம்ம ஃப்ரெண்டு சோடாவும் பேசிக்காம இப்படியே இருக்கறது எனக்கு கஷ்டமா இருக்குடா. யார் மேல தப்புன்னு பேசி முடிக்க உங்களால ஆகாது, மூணு தடவ நானே நடுவுல உக்காந்து பாத்தாச்சு. பேசவே வேணாம், லீவுல ரெண்டு பேரும் எங்க வீட்டுக்கு வாங்க, ஒரு ஆட்டம் போடுவோம். அவன்கிட்ட சொல்லிட்டேன், சரின்னுட்டான். நீ எப்ப வரேன்னு தேதி சொல்லு, கட்டைவிரல் அனுப்பாத.

உன்
மாப்ள