விடுதலைப் பத்திரம் எழுதும் பெரியவர்களுக்கு

கேரளத்துப் பாலக்காட்டு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வடகரப்பதிப் பக்கத்து ஊர்களில் பஞ்சாயத்துப் பேசும் பெரியவர்களுக்கு வணக்கம்.

உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். முப்பது வருடம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். புருஷன் பெண்டாட்டிக்கு ஒத்துவரவில்லை என்று கோயில் திண்ணையில் நீங்கள் பேசி முடித்ததையெல்லாம், ‘இன்று முதல் ஒருவருக்கொருவர் எவ்விதப் பாத்தியதையும் இல்லை’ என்று முத்திரைத்தாளில் விடுதலைப் பத்திரமாக எழுதிக் கொடுத்தவனும் நான்தான். நோட்டரி முத்திரை வேறு. என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று ஊரில் பெயர்.

அந்தத் தாள்களில் ஒன்றை நம்பி ஒரு பெண் மறுமணம் செய்துகொண்டார். பதினோரு வருடம் குடும்பம் நடந்தது. அந்த மனிதர் இறந்ததும் குடும்ப ஓய்வூதியம் கேட்டுப் போனார். முதல் கல்யாணம் எந்தக் கோர்ட்டில் முறிந்தது என்று கேட்டிருக்கிறார்கள். என் தாளை நீட்டியிருக்கிறார். இது செல்லாது, ஆகவே இரண்டாவது கல்யாணமும் செல்லாது என்று அனுப்பிவிட்டார்கள். என் வாசலில் வந்து நின்றவர் திட்டவில்லை. “எழுதும்போதே உங்களுக்குத் தெரியுமா, அண்ணா?” என்று மட்டும் கேட்டார். அரைகுறையாகத் தெரியும். அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

நம் வழக்கம் இதுதானே என்பீர்கள். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், வழக்கப்படி தீர்த்துக்கொள்வதை ஒழித்துவிடவில்லை. 29ஆம் பிரிவு அதை விட்டுவைத்திருக்கிறது. ஆனால் அப்படியொரு வழக்கம் அந்தச் சமூகத்தில் நெடுங்காலமாக, விட்டுப்போகாமல் இருந்துவருகிறது என்பதை, அதைச் சொல்லிக்கொள்கிறவர்தான் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். நாம் நான்கு பேர் கையெழுத்துப் போட்டது அதற்குப் போதாது. நிரூபணம் ஆகாவிட்டால் முதல் கல்யாணம் அப்படியே நிற்கும். மறுமணம் செய்தவர்மீது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவு பாயலாம். ஏழு ஆண்டு வரை சிறை. அப்போது நாமா உள்ளே போகப் போகிறோம்?

இருவரும் சம்மதித்துப் பிரிவதற்குக் குடும்ப நீதிமன்றத்திலேயே வழி இருக்கிறது. ஓராண்டு தனித்திருந்தவர்கள் அதே திருமணச் சட்டத்தின் 13பி பிரிவின்கீழ் கூட்டு மனு போடலாம். தனித்திருப்பது என்றால் வேறு வீடு என்றுகூட இல்லை. ஒரே கூரையின்கீழ் கணவன் மனைவியாக வாழாமல் இருந்தாலும் போதும். ஆறு மாதம் கழித்து, 18 மாதத்துக்குள், இருவரும் மறுபடி வந்து உறுதி சொல்ல வேண்டும். அந்த ஆறு மாதத்தையும் நீதிபதி தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பிரிந்து வெகுநாளாகி, நகை, ஜீவனாம்சம், பிள்ளை எல்லாம் பேசித் தீர்ந்திருந்தால்தான் அது நடக்கும். அந்தப் பேச்சைத்தானே இத்தனை காலம் திண்ணையில் நடத்திவந்தீர்கள்? யார் வீட்டுப் பவுன் எவ்வளவு என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? பேசி முடித்ததை என்னிடம் கொண்டுவராமல் கூட்டு மனுவில் சேருங்கள்.

பிள்ளை விஷயத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். பையன் அப்பனுக்கு, பெண் ஆத்தாளுக்கு என்று கன்றுக்குட்டி பிரிப்பதுபோல் நாம் பிரித்ததை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பிள்ளையின் நலம் எதுவோ அதைத்தான் நீதிபதி பார்ப்பார். ‘இனி ஒன்றும் கேட்க மாட்டேன்’ என்று தாய் எழுதிக் கொடுத்தாலும் பிள்ளைக்குரிய பராமரிப்புச் செலவு அற்றுப்போகாது.

ஒருவர் சம்மதிக்காவிட்டால் 13ஆம் பிரிவு. கொடுமை, இரண்டு ஆண்டு கைவிட்டுப் போனது என்று காரணம் காட்டி வழக்கு நடத்த வேண்டும். அது நீளும்.

நம் ஊர்களுக்கு எல்லைத் தொல்லை ஒன்று உண்டு. பொள்ளாச்சியில் கல்யாணம், கொழிஞ்சாம்பாறையில் குடித்தனம், பெண் கோபித்துக்கொண்டு போனது கோயம்புத்தூரில் உள்ள பிறந்தகத்துக்கு. எந்தக் கோர்ட்? தாலி கட்டிய இடம், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம், எதிர்த்தரப்பு குடியிருக்கும் இடம் மூன்றில் எதிலும் போடலாம். மனுப் போடுவது மனைவி என்றால் அவர் இப்போது குடியிருக்கும் இடத்திலும் போடலாம். இது 2003இல் சேர்ந்தது. இதைச் சொல்ல ஆளில்லாமல், கைக்குழந்தையோடு வாளையாறு தாண்டிப் பாலக்காட்டுக்கு அலைந்த பெண்களை எனக்குத் தெரியும். புருஷன் முந்திக்கொண்டு பாலக்காட்டில் போட்டுவிட்டால், தமிழ்நாட்டுக்கு மாற்ற உச்ச நீதிமன்றத்துக்கே மனுப் போட வேண்டும். மலையாளத்தில் வந்த சம்மனைப் படிக்கத் தெரியாமல் பரணில் செருகி வைத்தால், ஆள் வரவில்லை என்று ஒருதலையாகத் தீர்ப்பாகிவிடும்.

வக்கீலுக்குக் காசில்லை என்பது பெண்ணுக்குக் காரணமே அல்ல. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டால் வழி சொல்வார்கள்.

அடுத்த முறை இப்படியொரு பேச்சு வந்தால் முத்திரைத்தாள் வாங்க ஆள் அனுப்பாதீர்கள். என்னைக் கூப்பிடுங்கள். நகைக் கணக்கும் பேசி முடித்த விவரமும் வக்கீலிடம் கொடுக்கும்படி காசு வாங்காமல் எழுதித் தருகிறேன். வந்த சம்மனையும் படித்துச் சொல்கிறேன். மலையாளம் எனக்குத் தெரியும்.