‘சர்வர் கோளாறு’ என்பதோடு நிறுத்திவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏதாவது ஒரு சங்கத்திலோ அலுவலகத்திலோ கணினி வேலை நின்றுபோனால், ‘சர்வர் கோளாறு, பொதுமக்கள் அவதி’ என்று செய்தி வருகிறது. அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. திண்டுக்கல்லில் சிறு சங்கங்கள், பள்ளிகள், மொத்த வியாபாரிகள் ஆகியோரின் பதிவுகளைச் சேமித்துத் தேடித் தரும் டேட்டாபேஸ் சர்வர்களைப் பராமரிப்பது என் தொழில். அந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால் பல நேரம் இருப்பது பழுதான இயந்திரம் அல்ல. விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளங்களில் ஒன்றில் சோதித்த மென்பொருளை இன்னொன்றில் கொண்டுபோய் ஓட்டுகிறார்கள், அதுதான் காரணம். இதைத் தடுக்க முடியும் என்பதால் எழுதுகிறேன்.

ஒரே டேட்டாபேஸ், ஒரே பதிப்பு என்றாலும் விண்டோஸில் ஒரு மாதிரி நடக்கும், லினக்ஸில் வேறு மாதிரி நடக்கும். கோப்பை டிஸ்க்கில் எழுதுவது, நினைவகம் வாங்குவது, எழுத்துகளை வரிசைப்படுத்துவது போன்ற வேலைகளில் அது தன் அடியில் இருக்கும் இயங்குதளத்தை நம்பித்தான் இருக்கிறது. அடித்தளம் மாறினால் பதிலும் மாறும்.

அடிக்கடி பார்ப்பது மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸின் தொல்லை. அதில் ஒவ்வொரு டேபிளும், அதாவது பதிவுகள் இருக்கும் அட்டவணையும், டிஸ்க்கில் ஒரு கோப்பாக இருக்கும். விண்டோஸில் கோப்பின் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடித்தாலும் சிறிய எழுத்தில் அடித்தாலும் ஒன்றுதான். லினக்ஸில் அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். புரோகிராமர் தன் விண்டோஸ் லேப்டாப்பில் ஒரு இடத்தில் பெரிய எழுத்திலும் இன்னொரு இடத்தில் சிறிய எழுத்திலும் எழுதியிருப்பார், எல்லாம் ஓடும். லினக்ஸ் சர்வரில் ஏற்றிய அன்றே ‘அப்படி ஒரு டேபிள் இல்லை’ என்று வந்து நிற்கும். இதற்கென்று ஒரு செட்டிங் இருக்கிறது. ஆனால் 8.0 பதிப்பிலிருந்து சர்வரை முதன்முதலில் உருவாக்கும்போதே அதை முடிவு செய்தாகவேண்டும், பிறகு மாற்ற விடாது. இருந்தாலும் இந்தத் தொல்லையை நான் பெரிதாக நினைப்பதில்லை. முதல் நாளே சத்தம் போட்டுவிடுகிறது, ஒரு நாளில் சரிசெய்துவிடலாம்.

என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது சத்தமில்லாமல் நடக்கும் தவறுதான். இந்தப் பகுதியில் ஒரு கடன் சங்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அவர்கள் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த லினக்ஸுக்கான ஆதரவு 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்தது. சரி, மாற்றித்தான் ஆகவேண்டும். மென்பொருள் கொடுத்த நிறுவனம் புதிய லினக்ஸ் போட்ட சர்வரை வைத்து, பழைய டேட்டா ஃபோல்டரை அப்படியே நகலெடுத்துப் போட்டது. போஸ்ட்கிரெஸ் பதிப்பு மாறவில்லை. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. அன்று மாலையே ‘வெற்றிகரமாக முடிந்தது’ என்று கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள்.

சில வாரங்களில் கவுன்ட்டரில் பிரச்சினை தலைகாட்டியது. வருஷக்கணக்காகச் சேமிப்பு வைத்திருக்கும் உறுப்பினர்கள் எண்ணைச் சொன்னால், ‘பதிவு இல்லை’ என்று கணினி சொன்னது. வயதான ஒரு அம்மாவைப் பாஸ்புக்கைக் கையில் வைத்திருந்தபோதே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். வேறு சிலருக்கு ஊழியர்கள் நல்லெண்ணத்தில் அதே எண்ணைப் புதிதாகப் பதிந்து கொடுத்தார்கள். ஒரே எண் இரண்டு முறை ஏறக்கூடாது என்று தடை போட்டிருந்த டேபிளில் அது ஏறியும்விட்டது.

காரணத்தைக் கொஞ்சம் விளக்கவேண்டும். லினக்ஸில் எழுத்துகளின் வரிசையை முடிவு செய்வது ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகம். 2018 ஆகஸ்டில் வந்த அதன் 2.28 பதிப்பில் வரிசை விதிகள் பெரிய அளவில் மாறின. ‘1-1’, ‘11’ என்று இரண்டு எண்கள் இருந்தால் பழைய விதியில் 11 முதலில் வரும், புதிய விதியில் 1-1 முதலில் வரும். கிளை எண், கோடு, உறுப்பினர் எண் என்று எழுதும் சங்கத்தில் எல்லா எண்களும் இந்த மாதிரிதான் இருக்கும். கதவு எண்களும் அப்படித்தான். சென்ட்ஓஎஸ் 7-இல் இருந்தது 2.17. அந்தக் குடும்பத்தில் அதற்கு அடுத்து வந்த எந்தப் பதிப்புக்குப் போனாலும் இந்த எல்லையைத் தாண்டியே தீரவேண்டும். டெபியனில் 10-ஆம் பதிப்புக்கு மாறியவர்களுக்கும், உபுண்டுவில் 18.04-லிருந்து 20.04-க்குப் போனவர்களுக்கும் இதே கதைதான்.

டேட்டாபேஸ் தேடுவது இண்டெக்ஸை, அதாவது எந்தப் பதிவு எங்கே இருக்கிறது என்று வரிசையாகக் காட்டும் குறிப்புப் பட்டியலை வைத்து. ஃபோல்டரை நகலெடுத்தால் இண்டெக்ஸ் பழைய வரிசையிலேயே இருக்கும், தேடுவதோ புதிய விதிப்படி நடக்கும். அகராதியில் சொல் அச்சாகி இருக்கும், ஆனால் நாம் வேறு பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று மூடிவைப்போம், அந்த மாதிரி. இரட்டைப் பதிவைத் தடுக்கும் சோதனையும் அதே இண்டெக்ஸைப் பார்த்துத்தான் சொல்கிறது. அதனால்தான் ஒரே எண் இரண்டாவது முறையும் ஏறியது. டம்ப் எடுத்து, அதாவது பதிவுகளை மட்டும் தனிக் கோப்பில் எழுதி, மீண்டும் ஏற்றியிருந்தால் இண்டெக்ஸ் புதிதாகக் கட்டப்பட்டிருக்கும், ஒரு பிரச்சினையும் வந்திருக்காது. 2022-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 15 முதல், டேட்டாபேஸின் வரிசை விதியின் பதிப்பு மாறியிருந்தால் எச்சரிக்கை தருகிறது. அந்தச் சங்கத்தில் இருந்தது அதற்கு முந்தைய பதிப்பு.

தமிழில் பெயர்ப்பட்டியல் போடுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஒவ்வொரு எழுத்துக்கும் கணினியில் இருக்கும் யூனிகோடு எண்ணை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால், சகர வரிசை முடிந்த கையோடு ஜெயராமன் வந்துவிடுவார், அவருக்குப் பின்னால்தான் ஞானசேகரன். ழகரத்துக்கு முன்னே ளகரம் வரும். மெய்யெழுத்து உயிர்மெய்க்கு முன் வரவேண்டும் என்ற கணக்கும் போய்விடும். அகராதியில் அன்பு முதலில், அனிதா பிறகு. யூனிகோடு வரிசையில் இது தலைகீழ். எந்த வரிசை வரும் என்பது எதில் ஓட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. விண்டோஸில் போஸ்ட்கிரெஸ் விண்டோஸின் விதியைக் கேட்கும். சாதாரண லினக்ஸில் ஜிலிப்சியைக் கேட்கும். மென்பொருளைத் தனிப் பொட்டலமாகக் கட்டி ஓட்டும் கன்டெய்னர்களில் பலர் போடும் ஆல்பைன் லினக்ஸில் ஜிலிப்சியே கிடையாது, அங்கே இருக்கும் நூலகம் மொழிவாரி வரிசை பார்ப்பதில்லை. மூன்று இடத்தில் அச்சடித்த ஒரே பட்டியல் மூன்று விதமாக வர வாய்ப்பு உண்டு. உள்ளே இண்டெக்ஸுக்கு எந்த ஊரிலும் மாறாத யூனிகோடு வரிசையையும், அச்சடிக்கும் பட்டியலுக்கு மட்டும் தமிழ் வரிசையையும் வைப்பதே நல்லது என்பது என் கருத்து. 2024-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 17 இயங்குதளத்தைக் கேட்காமல் தானே வரிசைப்படுத்தும் வசதியைத் தருகிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

டிஸ்க்கில் எழுதும் விஷயத்திலும் இதே வேறுபாடு உண்டு. எழுதும்போது பிழை வந்தால் லினக்ஸ் அதை ஒருமுறை சொல்லும். மறுபடி கேட்டால், எழுதப்படாத பக்கத்தை (டேட்டாவின் ஒரு துண்டை) எழுதியாகிவிட்டது என்று கணக்கில் வைத்து ‘சரி’ என்றுவிடும். ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளம் அந்தப் பக்கத்தை எழுதாததாகவே வைத்திருக்கும். 2018-இல் இது தெரியவந்தபோது போஸ்ட்கிரெஸ் உலகமே கலங்கிப்போனது. 2019 பிப்ரவரித் திருத்தங்களிலிருந்து அப்படிப் பிழை வந்தால் டேட்டாபேஸ் உடனே நின்று, தன் பதிவேட்டைப் பார்த்து மீண்டு எழுகிறது. மேக் கணினியில் சாதாரணமாக எழுதச் சொன்னால் டிஸ்க்குக்குள் இருக்கும் தற்காலிக நினைவகம் வரைதான் உத்தரவாதம், அதற்கு மேல் வேண்டுமானால் தனியாகக் கேட்கவேண்டும். மேக்கில் எழுதி மேக்கிலேயே சோதித்து, ‘வேகமாக ஓடுகிறது’ என்று கொண்டுவந்து தரும் இளைஞர்கள் இதையும் நினைவில் வைக்கவேண்டும்.

என் கோரிக்கை சங்க நிர்வாகிகளுக்கும், டெண்டர் எழுதும் அதிகாரிகளுக்கும். மென்பொருளின் பெயரையும் பதிப்பையும் மட்டும் டெண்டரில் எழுதாதீர்கள். அது ஓடப்போகும் இயங்குதளம், அதன் பதிப்பு, எழுத்து வரிசை விதி மூன்றையும் எழுதுங்கள். ஒப்படைக்கும் சோதனை அதே இயங்குதளத்தில்தான் நடக்கவேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். சோதனைக்குக் கொடுக்கும் எண்களும் பெயர்களும் உங்கள் பதிவேட்டில் இருக்கிற மாதிரியே, கோடும் புள்ளியுமாக இருக்கட்டும். நிருபர்களிடம் ஒன்று கேட்கிறேன்: சர்வர் கோளாறு என்று சொல்லப்பட்டால், அண்மையில் இயங்குதளத்தை மாற்றினீர்களா என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்கள்.

2024-இல் சென்ட்ஓஎஸ் 7-லிருந்து மாறிய சங்கங்கள் இந்த வாரமே தங்கள் பராமரிப்பாளரைக் கூப்பிட்டு, டேட்டா எப்படி மாற்றப்பட்டது என்று விசாரிக்கவேண்டும். ஃபோல்டர் நகல் என்றால், ஆம்செக் என்ற கருவியை வைத்து இண்டெக்ஸ்களைச் சோதிக்கலாம். அது போஸ்ட்கிரெஸ் 10 முதல் கூடவே வருகிறது, தனியாகப் பணம் கட்டவேண்டியதில்லை. அப்புறம் முழு பேக்கப் எடுத்துவிட்டு ரீஇண்டெக்ஸ் கட்டளை கொடுக்கவேண்டும். இரட்டைப் பதிவு ஏறியிருந்தால் அந்தக் கட்டளை பாதியில் நின்றுவிடும். எந்தப் பதிவு உண்மை, எந்தத் தொகை எந்தக் கணக்குக்குச் சேரும் என்பதை அந்த நேரத்தில் பராமரிப்பாளர் முடிவு செய்யக்கூடாது. செயலாளர் பாஸ்புக்கையும் ரசீதையும் வைத்துச் சொல்லவேண்டும். ஆண்டுத் தணிக்கைக்கு முன்பாகவே இதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
டேட்டாபேஸ் பராமரிப்பாளர்,
திண்டுக்கல்