அட்டையில் இல்லாத மூன்று எழுத்து: அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய செனட், பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். டெக்சஸில், டாலஸ் பக்கம் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நிறுவனங்கள் ஊழியர்களுக்குத் தரும் ஓய்வூதிய, மருத்துவத் திட்டங்களுக்கு எரிசா (ERISA) என்று ஒரு ஃபெடரல், அதாவது மத்திய அரசுச் சட்டம் இருக்கிறது. இங்கே என்னைப்போல வேலை பார்க்கும் நம் ஆட்களில் பலருக்கு இந்தச் சட்டத்தின் பெயர்கூடத் தெரியாது. போன வருடம் வரை எனக்கும் தெரியாது.

என் மனைவிக்கு முதுகுத்தண்டில் ஸ்கேன் எடுக்கச் சொன்னார் மருத்துவர். 'மருத்துவ ரீதியாகத் தேவையில்லை' என்று என் நிறுவனத்தின் மருத்துவத் திட்டத்திலிருந்து கடிதம் வந்தது. மேல்முறையீடு செய்து ஒப்புதல் வாங்குவதற்குள் பதினொரு வாரம் ஓடிவிட்டது. அதற்குள் அவளுடைய இடது பாதம் மரத்துப்போனது. இன்றைக்கும் படியேறும்போது செருப்பு கழன்றால் அவளுக்குத் தெரிவதில்லை. மேலே போய்க் குனிந்து பார்த்துவிட்டு, திரும்பி இறங்கி வருகிறாள்.

மாநிலக் காப்பீட்டுத் துறைக்கு போன் செய்தேன். பேசிய பெண்மணி பொறுமையாகக் கேட்டார். அப்புறம், "உங்கள் மருத்துவக் காப்பீட்டு அட்டையில் டிடிஐ (TDI) அல்லது டிஓஐ (DOI) என்று போட்டிருக்கிறதா, பாருங்கள்" என்றார். இரண்டும் மாநிலக் காப்பீட்டுத் துறையைக் குறிக்கும் எழுத்துகள்; இருந்தால் அந்தத் திட்டம் அவர்கள் கட்டுப்பாட்டில் வரும். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். இல்லை. "அப்படியானால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. அது ஃபெடரல் சட்டம்" என்றார்.

அந்தச் சட்டம்தான் 1974-இல் உங்கள் அவைகள் இயற்றிய எரிசா. 1963-இல் இண்டியானாவின் சவுத் பெண்டில் ஸ்டூடிபேக்கர் கார் ஆலை மூடப்பட்டு, ஆயிரக்கணக்கானோரின் ஓய்வூதியம் பறிபோனது. அந்தக் கொடுமை இனி நடக்கக் கூடாது என்று வந்த சட்டம் இது. அதே சட்டத்தின் 514-ஆம் பிரிவு, ஊழியர் நலத்திட்டங்கள் தொடர்பான மாநிலச் சட்டங்களை ஓரங்கட்டுகிறது. காப்பீட்டை முறைப்படுத்தும் மாநிலச் சட்டங்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் நிறுவனமே தன் கைப்பணத்தில் மருத்துவச் செலவைக் கொடுக்கும் திட்டம் என்றால் அந்த விலக்கும் கிடையாது. என் அட்டையில் அந்த எழுத்து இல்லாததும் இதனால்தான். வேலை வழியாகக் காப்பீடு பெறுகிறவர்களில் பத்துக்கு ஆறு பேராவது இப்படிப்பட்ட திட்டத்தில்தான் இருக்கிறார்கள்.

சரி, ஃபெடரல் நீதிமன்றத்துக்கே போகலாம் என்றால், 502-ஆம் பிரிவின்படி மறுக்கப்பட்ட சிகிச்சையைத்தான் கேட்டுப் பெறலாம். மறுத்ததால் வந்த பாதிப்புக்கு இழப்பீடு கேட்க முடியாது. எங்களுக்கு ஸ்கேன் கிடைத்துவிட்டது, கணக்கு முடிந்தது. பாதத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

லூசியானாவில் ஃபுளோரன்ஸ் கார்கரன் என்ற கர்ப்பிணியை மருத்துவமனையில் சேர்க்கச் சொன்னார் அவருடைய மருத்துவர். வீட்டில் தினமும் 10 மணி நேரம் நர்ஸ் இருந்தால் போதும் என்றது அவருடைய வேலை வழியான மருத்துவத் திட்டத்துக்காக முடிவெடுத்த நிறுவனம். நர்ஸ் இல்லாத நேரத்தில் சிசு வயிற்றிலேயே இறந்துபோனது. 1992-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், மாநிலச் சட்டப்படி அந்தத் தாய் வழக்குப் போட எரிசா இடம் தரவில்லை என்றது. எங்கள் டெக்சஸ் 1997-இல் நோயாளிகளுக்காக ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி வந்த வழக்குகளையும் 2004-இல், டவிலா தீர்ப்பில், உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் அந்தத் தீர்ப்போடு உடன்பட்டே, இந்த ஏற்பாடு அநியாயமானது, காங்கிரஸ் இதை மறுபடி பார்க்க வேண்டும் என்று தனியாக எழுதினார். இருபது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

பல மாநிலங்களில் ஆள் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு ஐம்பது விதச் சட்டம் சுமைதான், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக இழப்பீடே இல்லாமல் இருக்க வேண்டுமா? நாடு முழுக்க ஒரே மாதிரியான இழப்பீட்டு உரிமையை 502-ஆம் பிரிவிலேயே நீங்கள் எழுதலாம். 2001-இல் இரண்டு அவைகளும் நோயாளி உரிமை மசோதாக்களைத் தனித்தனியே நிறைவேற்றின. இரண்டையும் ஒன்றாக்கிச் சட்டமாக்காமல் விட்டுவிட்டீர்கள். அந்த வேலையை இந்தக் கூட்டத்தொடரிலேயே கையில் எடுங்கள்.

இப்படிக்கு,
டாலஸிலிருந்து ஒரு ஊழியர்