சிந்துபால்சோக் ஜீப் ஓட்டுநர் அண்ணனுக்கு

2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் நேபாளத்திலேயே அதிகம் பேர் இறந்தது சிந்துபால்சோக் மாவட்டத்தில். அன்று சனிக்கிழமை, அங்கே பள்ளி விடுமுறை நாள். பள்ளிக்கூடங்கள் இடிந்தபோது உள்ளே பிள்ளைகள் இல்லை, அந்த மட்டில் அவர்கள் தப்பித்தார்கள். அங்குள்ள ஒரு சின்ன மலைப்பள்ளிக்காக நண்பர்கள் சேர்ந்து பணம் திரட்டினோம். கூரைத் தகடும் நோட்டுப் புத்தகங்களும் காத்மாண்டுவில் வாங்கி உங்கள் ஜீப்பில் ஏற்றினோம்.

மழைக்காலம். வழியிலுள்ள தோலால்காட் ஊரைத் தாண்டியதும் மண் சரிந்து பாதை அடைத்துக்கொண்டது. சாமானை இறக்கிவிட்டு நீங்கள் திரும்பியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டோம். நீங்களோ முதலில் உங்கள் தார்ப்பாயை எடுத்து நோட்டுகளை மூடினீர்கள். பிறகு ஊருக்குப் போன் போட்டீர்கள். நெற்றிப்பட்டையில் சுமக்கும் டோக்கோ கூடைகளோடு ஆட்கள் இறங்கி வந்ததும், நீங்களும் ஒன்றை மாட்டிக்கொண்டீர்கள். தகட்டு விளிம்பு கையைக் கிழிக்குமே என்று பழைய டியூபை வெட்டிச் சுற்றிக் கொடுத்தீர்களே, அந்த யோசனை எங்களில் ஒருவருக்கும் வரவில்லை அண்ணே!

கூடுதலாகப் பணம் நீட்டினோம். டீசலுக்காவது என்றோம். வாங்கவில்லை. பெயர் கேட்டதற்கும் சிரிப்புதான் பதில்.

உங்களுக்குத் தமிழ் தெரியாது. காத்மாண்டுவில் இருக்கும் நம்மவர்கள் யாராவது இந்த ஓட்டுநர் அண்ணனை அடையாளம் கண்டால் அவரிடம் சொல்லுங்கள்: அந்தத் தகட்டுக்குக் கீழே வகுப்பு நடக்கிறது. அடுத்த லோடுக்கும் அவர் வண்டிதான் வேண்டும். இந்தத் தடவை வாடகையை முழுசாக வாங்கிக்கொள்ள வேண்டும்.