பழைய கெர்னலை நீக்க ஒரு பொத்தான் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் அரசுப் பள்ளிக் கணினி ஆசிரியை. ஆய்வகத்தில் லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுதான் ஓடுகிறது. அதைக் கைவிட எனக்கு மனமில்லை. ஆனால் வட்டு மேலாண்மைதான் பிள்ளைகளைக் கலங்கடிக்கிறது. 500 ஜிபி வட்டில் பாதிக்கு மேல் காலி. இருந்தும் அப்டேட் நடுவில் நின்று 'இடம் போதவில்லை' என்கிறது. நிறுவும்போது வட்டை என்கிரிப்ட் செய்தால் (கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டினால்), கணினியைத் தொடங்கும் கோப்புகள் உள்ள பூட் சிறிய தனிப்பகுதியாகிவிடும். பழைய கெர்னல்கள், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியின் பழைய பதிப்புகள், சேர்ந்து அது நிரம்பிவிடும். திரையில் வருவதோ டெர்மினலில் (கட்டளை எழுதும் சாளரத்தில்) தட்ட வேண்டிய ஒரு கட்டளை. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது என்ன புரியும்? 'பழைய கெர்னல்கள் இருக்கின்றன, நீக்கலாமா?' என்று ஒரு பொத்தான் வைத்தால் போதுமே.

அப்புறம், வட்டுப் பகுதியில் கோப்புகளை அடுக்கும் முறைகள் பல உண்டு. அவற்றில் எக்ஸ்எஃப்எஸ் முறையில் உள்ள பகுதியைப் பெரிதாக்கலாம், சுருக்க நடைமுறையில் வழியில்லை. இஎக்ஸ்டி4 முறையில் உள்ள பகுதியைச் சுருக்க முதலில் அன்மவுண்ட் செய்தாக வேண்டும், அதாவது பயன்பாட்டிலிருந்து கழற்ற வேண்டும். வட்டுப் பகுதிகளை மாற்றியமைக்க ஜிபார்ட்டெட் அருமையான கருவிதான். ஆனால் வட்டைப் பிரித்த பிறகு இது தெரிந்து என்ன பயன்? நிறுவும் திரையிலேயே சொல்லிவிட வேண்டும்.

இந்திய லினக்ஸ் இயங்குதளமான பாஸ் லினக்ஸை உருவாக்கும் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் இந்த வேலையை முதலில் எடுத்துச் செய்ய வேண்டும். வட்டு பற்றிய எச்சரிக்கைகள் முழுக்கத் தமிழிலும் வரட்டும்.

- கணினி ஆசிரியை, திண்டிவனம்