தார்ச் சாலையை விட்டுக் கண்மாய்க் கரைக்கு வாருங்கள்

அகில இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான கிராஸ் கன்ட்ரிப் போட்டிக்கு இடம் முடிவு செய்யும் பெரியவர்களுக்கு,

வணக்கம். தேவகோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, மூன்று ஆண்டுகள் கல்லூரி அணிக்காக ஓடி, இப்போது ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுப்பவள் எழுதுகிறேன். வேண்டுகோள் ஒன்றுதான். கிராஸ் கன்ட்ரி என்றால் வெட்டவெளியில் புல்லும் மண்ணும் மேடும் பள்ளமுமாக ஓடும் நெடுந்தூர ஓட்டம். ஓர் ஆண்டு இந்தப் போட்டியைச் செட்டிநாட்டுக்குக் கொண்டுவாருங்கள். கொண்டுவந்தால், எங்கள் மண்ணில் ஓடவிடுங்கள். தார்ச் சாலையில் வேண்டாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் பட்டவள். இரண்டாம் ஆண்டு படிக்கும்போது ஒரு கல்லூரிப் போட்டிக்குப் போயிருந்தோம். பதாகையில் கிராஸ் கன்ட்ரி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். ஓடவிட்டதோ புறவழிச் சாலையில். ஒரு பக்கம் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. நான்காவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் எலும்பு விண்விண் என்று தெறித்தது. ஆறு வாரம் ஓட முடியவில்லை. வலி ஆறிவிட்டது, மனம் இன்னும் ஆறவில்லை. வரப்பிலும் கரையிலும் ஓடி வளர்ந்தவளுக்கு, தெரிந்த ஒரே வித்தையைக் காட்ட அன்று ஒரு முழ மண்கூடக் கிடைக்கவில்லை.

விதி என்ன சொல்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. திறந்த வெளியில், முடிந்தவரை புல்தரையில், ஏற்ற இறக்கத்தோடு தடம் அமைய வேண்டும். சாலையைக் கடப்பதைத் தவிர்க்க வேண்டும், தவிர்க்கவே முடியாத ஓரிரு இடங்களில் மண்ணோ புல்லோ விரிப்போ போட்டு மூட வேண்டும் என்கிறது உலகத் தடகள அமைப்பு. ஒன்றரை முதல் இரண்டு கிலோமீட்டர் வரையிலான சுற்று போதும். அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு அமைப்பான NCAA 1938 முதல் தேசிய கிராஸ் கன்ட்ரிப் போட்டி நடத்துகிறது. பெண்களுக்கு 1981-இல் தொடங்கினார்கள். அது பலமுறை நடந்த இண்டியானா மாநிலத்துத் தடம், நிலக்கரி தோண்டி முடித்த நிலத்தைச் சீராக்கி உருவாக்கியது. எங்கள் பக்கத்தில் செம்மண் வெட்டிய பள்ளங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தடம்தான் நினைவுக்கு வருகிறது.

எங்கள் கண்மாய்க் கரையை நீங்கள் ஒருமுறை ஓடிப் பார்க்க வேண்டும். மழை ஓய்ந்த தை மாதம், காலை ஆறரை மணி. கரை மேல் மாட்டுக் குளம்பு பதிந்த தடங்கள் காய்ந்து கல்லாகிக் கிடக்கும். அதில் கால் சிக்கினால் கணுக்கால் பிசகிவிடும். இடையிலிருக்கும் புல் திட்டாகப் பார்த்து மிதிக்க வேண்டும். கண்மாயில் மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடும் கலுங்குப் பக்கம் இறங்கும்போது சரளை உருளும். அங்கே வேகம் காட்டுகிறவர்கள் விழுவார்கள், அடியைச் சுருக்கி முன்பாதத்தில் இறங்குகிறவர்கள் தப்புவார்கள். கீழே வந்தால் அறுவடை முடிந்த வயல். அறுத்த நெல்தாள் கணுக்காலைக் கீறும், ஈர மண் ஷூவைப் பிடித்து இழுக்கும். அதைத் தாண்டினால் பனைகளுக்கு நடுவே செம்மண் மேடு, மூச்சு முட்ட ஓர் ஏற்றம். கடிகாரத்தைப் பார்த்து இங்கே ஓட முடியாது, தரையைப் பார்த்துத்தான் ஓட வேண்டும்.

சென்ற தை மாதம் நாங்களே நாலைந்து ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டி ஒரு சின்னப் போட்டி நடத்தினோம். உலகப் போட்டிக் கணக்குப்படி அணிக்கு ஆறு பேர், அதில் முதலில் வரும் நால்வரின் இடங்களைக் கூட்டி, தொகை குறைந்த அணிக்கு வெற்றி. எங்கள் பிள்ளை ஒருத்தியின் இடது ஷூ வயல் சேற்றில் மாட்டிக்கொண்டது. திரும்பி எடுக்கவில்லை. ஒற்றைக் காலில் ஷூவும் மறுகாலில் சேறுமாக ஏற்றத்தில் இரண்டு பேரை முந்தி, எங்கள் அணியின் நான்காவது ஆளாக வந்து சேர்ந்தாள். அந்த இரண்டு இடங்களால்தான் ஜெயித்தோம். முதலில் வந்தவளை விட்டுவிட்டு எல்லோரும் இவளைத் தூக்கிக்கொண்டார்கள். உள்ளங்காலில் நெருஞ்சி முள் நாலைந்து. உட்காரவைத்து நான்தான் எடுத்தேன். அவள் "அடுத்து எப்பக்கா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொல்ல ஒரு தேதி வேண்டும் என்பதால்தான் இந்த மடல்.

இந்தப் பக்கத்து மண் ஓட்டக்காரர்களைக் கொடுத்திருக்கிறது. பக்கத்துப் புதுக்கோட்டையின் சூர்யா 2016 தெற்காசியப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கினார். அதே புதுக்கோட்டையின் லட்சுமணன் 2017-இல் புவனேஸ்வரத்தில் 5,000 மீட்டரில் ஆசியச் சாம்பியன் ஆனார். காரைக்குடியில் அழகப்பா உடற்கல்வியியல் கல்லூரி 1956 முதல் இருக்கிறது. தடம் அளக்கவும் நடுவர்களாக நிற்கவும் படித்தவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே கோட்டில் நின்று புறப்பட அகலமான இடம் வேண்டும் என்பீர்கள். சிராவயல் மஞ்சுவிரட்டுப் பொட்டலை வந்து பாருங்கள். தங்க இடமா? கல்யாணத்துக்கு ஊரையே அழைத்து உட்காரவைக்கும் வீடுகள் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ஓடி முடித்த பிள்ளைகளுக்குச் சூடாக இடியாப்பமும் கவுனி அரிசியும் போட எங்கள் ஆச்சிமார் தயாராக இருப்பார்கள்.

வெயிலுக்குப் பயப்படுவீர்கள். அது நியாயமான பயம். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் கொதிக்கும் ஜூலை வெயிலில் கிராஸ் கன்ட்ரி வைத்து, புறப்பட்ட 38 பேரில் 15 பேர்தான் முடித்தார்கள். அதற்குப் பிறகு ஒலிம்பிக்கில் இந்த ஓட்டமே இல்லாமல் போயிற்று. அதனால்தான் தை மாதம் என்கிறேன், பெண்கள் ஓட்டம் ஆறரைக்கு, ஆண்கள் ஓட்டம் ஏழரைக்கு என்கிறேன். கருவேல முள்ளும் ஒரு கவலைதான். அதற்கு இரண்டு வாரம் முன்னதாகச் சொன்னால் போதும். பழனிக்குக் காவடியோடு நடந்தே போகிற ஊர்க்காரர்கள் நாங்கள். காலுக்கு அடியில் முள் கிடந்தால் என்ன ஆகும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கூட்டிப் பெருக்கிக் கொடுப்போம்.

தேர்வுக் குழுவில் ஒருவரையாவது அனுப்பிவையுங்கள். பொங்கல் முடிந்த வாரம் வந்தால் நல்லது. காலை ஆறு மணிக்குக் கரையில் நிற்கிறேன், அளவுச் சக்கரம் என்னிடம் இருக்கிறது. சேறு பட்டாலும் பரவாயில்லை என்கிற ஷூ ஒரு ஜோடி மட்டும் அவர் கொண்டுவரட்டும்.

இப்படிக்கு,
தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஓர் ஓட்டக்காரி