லண்டன் - டோக்கியோ: உங்கள் பக்கம் காட்டும் பயண நேரம் தவறு

வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவுக்கு,

வணக்கம். இரண்டு ஊர்களின் பெயரைக் கொடுத்தால் விமானத் தொலைவையும் பயண நேரத்தையும் காட்டும் உங்கள் தளத்தின் பக்கத்தை நம்பி ஒரு பயணச்சீட்டை இழந்திருக்கிறேன்.

லண்டன் - டோக்கியோ என்று கொடுத்தேன். 9,600 கிலோமீட்டர், 10 மணி 40 நிமிடம் என்று வந்தது. ஜனவரியில் லண்டனில் காலை 9.30க்குக் கிளம்பினால், 9 மணி நேர வித்தியாசத்தையும் சேர்த்து, மறுநாள் அதிகாலை 5.10க்கு டோக்கியோ. சரி என்று, காலை 8 மணிக்கு அங்கிருந்து சப்போரோ போகும் விமானத்துக்கு உங்களிடமே முதலில் சீட்டு எடுத்தேன். பணம் திரும்பக் கிடைக்காத சீட்டு. அப்புறம் லண்டன் விமானத்தைப் பதிவு செய்யப் போனால், அது டோக்கியோ சேருவதே காலை 8.30க்கு! மொத்தம் 14 மணி நேரம்.

உங்கள் பிரிவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது "தொலைவு சரியாகத்தானே இருக்கிறது" என்று பதில் வந்தது. தொலைவைப் பற்றி எனக்குப் புகாரே இல்லை. உலக உருண்டையின் மேல் நூல் பிடித்தால் ஏறத்தாழ அவ்வளவுதான் வரும். அதை மணிக்கு 900 கிலோமீட்டரால் வகுத்து, பயண நேரம் என்று போட்டதுதான் தவறு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, வேகம் குறைத்து இறங்குவது எதுவும் அந்தக் கணக்கில் இல்லை.

அதைவிடப் பெரிய விஷயம், அந்த நூல் போகும் பாதை சைபீரியா மேல் போகிறது. பிப்ரவரி 2022 முதல் பிரிட்டிஷ் விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடிக் கிடக்கிறது. ஜப்பானிய நிறுவனங்களும் அந்த வழியைத் தவிர்க்கின்றன. என் இருக்கைக்கு முன்னால் இருந்த திரையிலேயே பார்த்தேன்: விமானம் வடக்கே ஏறாமல் துருக்கிப் பக்கம் இறங்கி, காஸ்பியன் கடலைத் தாண்டி, மத்திய ஆசியா வழியாகச் சுற்றிப் போனது. அதற்கு முன்பு நேர் வழியில் போன காலத்திலும் பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டித்தான் ஆகும். உங்கள் எண் எந்தக் காலத்துக்கும் பொருந்தவில்லை.

இன்னொன்று. போகவும் வரவும் ஒரே நேரத்தைக் காட்டுகிறீர்கள். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும் காற்று ஒரு பக்கம் தள்ளிவிடும், மறுபக்கம் தடுக்கும். லண்டனிலிருந்து நியூயார்க் போக, திரும்பி வருவதைவிட ஒரு மணி நேரம் போல அதிகமாகும். விமான அட்டவணையைப் பார்த்தாலே இது தெரியும். சீட்டு விற்கும் உங்களிடம் அந்த அட்டவணை இருக்கிறது.

ஆகவே, சப்போரோ சீட்டுக்கான முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். அந்தப் பக்கத்தில் அட்டவணைப்படி உள்ள நேரத்தை, போகத் தனியாக, வரத் தனியாகக் காட்டுங்கள். அது முடியும்வரை "பயண நேரம்" என்ற வரியை எடுத்துவிடுங்கள். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு அடுத்த விமானம் மாற வேண்டியவர்களும் இதைப் பார்த்துத்தான் திட்டமிடுகிறார்கள்.

இரண்டு பதிவுகளின் நகல்களையும், உங்கள் பக்கத்தை அன்று எடுத்த திரைப்பிடிப்பையும் (ஸ்கிரீன்ஷாட்) இணைத்திருக்கிறேன். எழுத்தில் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்